நான்காம் மாடிக் கூடை

இன்ஷிராஹ் இருபத்தேழு வருடம் கெய்ரோ தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள். ஊரார் ரகசியமெல்லாம் காதில் விழுந்தும் ஒரு சொல்லை வெளியே விட்டதில்லை. ஓய்வு பெற்ற அன்றே அந்த விரதத்தையும் முடித்துக்கொண்டாள். கணவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது, மகன் தாரிக் ஜெர்மனியில். கெய்ரோவின் நஸ்ர் நகரில் நான்காம் மாடியில் தனியாக இருக்கும் அவள் வாயில் இப்போது எதுவும் தங்குவதில்லை. கெட்ட நாக்கு என்று சொல்ல முடியாது, நீளமான நாக்கு, அவ்வளவுதான்.

லிஃப்ட் ஓடும் நாளைவிட நிற்கும் நாள்தான் அதிகம். அதனால் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கியே காய்கறி வாங்குவாள். கீழே தள்ளுவண்டி ஷாபான் கூடையை நிரப்பிவிட்டு, "கயிறு நைஞ்சு போச்சு ஹாஜியம்மா, ஒருநாள் என் மண்டையிலதான் விழப்போகுது" என்று தினமும் சொல்வான். அவளும் தினமும் கேட்டுக்கொள்வாள்.

இரண்டாம் மாடிக்கு எஷாத்தா வந்தது அக்டோபரில். கொமொரோ தீவுப் பெண், வயது பத்தொன்பது, மருந்தியல் படிக்க வந்தவள். ஒருநாள் மதியம், தன் பால்கனியில் பறந்து விழுந்த இன்ஷிராஹின் முக்காட்டைக் கொடுக்க மாடியேறி வந்தாள். இன்ஷிராஹ் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள்.

"வாம்மா, சாப்பிடலாம்."

கெய்ரோவில் யாரும் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். கேட்பவரும், பசியில் கண் இருட்டினாலும், "உங்க கை நோகாம இருக்கணும், இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று சொல்லிப் போய்விடுவார். எஷாத்தா செருப்பைக் கழற்றினாள். அவள் தீவில், கூப்பிட்ட வீட்டில் சாப்பிடாமல் போவதுதான் அவமரியாதை. இருந்தது ஒரு கோழிக்கால், ஒரு கிண்ணம் மொலோகியா கீரை. பேசிச் சிரித்துக்கொண்டே இரண்டையும் தீர்த்துவிட்டுப் போனாள். அன்று இன்ஷிராஹுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான்.

அதோடு விட்டிருக்கலாம். சாயங்காலமே வாட்ச்மேன் மனைவி ஸபாஹிடம் சொன்னாள்: "பேச்சுக்குத்தான்டி வான்னேன், பிள்ளை சம்மணம் போட்டு உக்காந்துடுச்சு! பூனைக்கு எலும்புகூட மிஞ்சல!" இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஸபாஹிடம் சொன்னால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. மூன்றே நாளில் கதை கட்டடம் முழுக்கச் சுற்றி இரண்டாம் மாடிக்கும் போய்ச் சேர்ந்தது.

அதன்பின் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் எஷாத்தா சுவரோடு ஒதுங்கினாள். "வாம்மா, டீ குடிக்கலாம்" என்றால், "இப்பத்தான் குடிச்சேன் பெரியம்மா" என்றாள், பாடம் ஒப்பிப்பது போல. டிசம்பரில் ஸபாஹ் ஒரு சேதியோடு வந்தாள்.

"அந்தப் பொண்ணு படிப்ப விட்டுட்டு ஊருக்குப் போகுதாம் ஹாஜியம்மா. பெட்டி கட்ட எங்கிட்டதான் கயிறு வாங்கிட்டுப் போச்சு. 'இங்க யாரு நெஜமாக் கூப்பிடுறாங்க, யாரு பேச்சுக்குக் கூப்பிடுறாங்கன்னு எனக்குத் தெரியல அக்கா, யார் வீட்டு வாசல்ல நிக்கவும் பயமா இருக்கு'ன்னு ஒரே அழுகை."

இன்ஷிராஹுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஜெர்மனி போன முதல் வருடம் தாரிக் போனில் "நல்லாத்தான் இருக்கேன்மா" என்பான். இருபத்தேழு வருடம் குரல் கேட்டே பிழைத்தவளுக்கு அது பொய் என்று தெரியாதா? அவனைப் பார்த்து எவளாவது இப்படிச் சிரித்திருந்தால் அவளை என்ன திட்டு திட்டியிருப்பாள்!

மறுநாள் முழுக் கோழியும் ஒரு சட்டி மொலோகியாவும் சமைத்துக்கொண்டு முழங்கால் வலியோடு இரண்டு மாடி இறங்கிக் கதவைத் தட்டினாள். "என் நாக்க அறுத்துப் போடணும் கண்ணு, மன்னிச்சுக்கோ. வந்து சாப்பிடு."

"பரவால்ல பெரியம்மா. நான் சாப்பிட்டேன்." மூன்று முறை கூப்பிட்டாள், மூன்று முறையும் அதே பதில். கெய்ரோ கற்றுக்கொடுத்ததை அந்தப் பெண் கெய்ரோவுக்கே திருப்பிக் கொடுத்தாள்.

இன்ஷிராஹ் விடவில்லை. மேலே ஏறி, சட்டியைக் கூடையில் வைத்து இறக்கினாள். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த எஷாத்தாவின் மூக்குக்கு நேரே வந்து கூடை நின்றது.

"எடுத்துக்கோம்மா!"

"வேண்டாம் பெரியம்மா!"

"எனக்குக் கை வலிக்குதுடி!"

"உங்க கை நோகாம இருக்கணும்!"

தெருவே அண்ணாந்து பார்த்தது. ஷாபானுக்குப் பொறுக்கவில்லை. வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினான்: "என்மேல தலாக்! அந்தச் சட்டிய நீ எடுக்கலேன்னா என் பொண்டாட்டிக்கு இப்பவே தலாக்!"

விருந்தாளியைச் சாப்பிடவைக்க இந்த ஊர் ஆண்கள் எடுக்கும் சத்தியம் இது. ஷாபான் ஒரு நாளைக்கு நாலு தடவை எடுப்பான், மனைவியும் ஆறு பிள்ளைகளும் அப்படியே இருக்கிறார்கள். எஷாத்தாவுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு சட்டிக் கீரைக்காக ஒரு குடும்பம் சிதறப்போகிறது என்று பதறி, கூடையையே கட்டிப்பிடித்தாள். "எடுத்துட்டேன் அண்ணே! எடுத்துட்டேன்!"

தெரு கைதட்டியது. பெண்ணின் முகத்தைப் பார்த்த இன்ஷிராஹுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இந்தப் பிள்ளையைப் பார்த்தா சிரித்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் கதவு தட்டப்பட்டது. எஷாத்தா நின்றாள். "கீழ வாங்க பெரியம்மா. தேங்காய்ப்பால் சோறும் மீனும் ஆக்கியிருக்கேன்."

அறுபது வருடப் பழக்கம், வாய் தானாகவே சொல்லிவிட்டது: "உன் கை நோகாம இருக்கணும் கண்ணு, இப்பத்தான் சாப்பிட்டேன்."

சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்தாள். எஷாத்தா வாசலை விட்டு நகரவில்லை. "என்மேல தலாக்!" என்றாள்.

"உனக்குக் கல்யாணமே ஆகலையேடி!"

"அதான் பெரியம்மா, யாருக்கும் நஷ்டமில்ல. வாங்க."

அறையில் மேசை இல்லை. பெட்டியைக் குறுக்கே போட்டு அதன்மேல் இரண்டு தட்டு வைத்திருந்தாள். இன்ஷிராஹ் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, மீன் முள்ளைத் தவிர ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. பெட்டியைப் பற்றிக் கேட்க மட்டும் அவளுக்குப் பயமாக இருந்தது.

கிளம்பும்போது எஷாத்தா ஜன்னலோரம் சுருட்டி வைத்திருந்த கயிற்றை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"உங்க கூடைக் கயிறு நைஞ்சு போச்சு பெரியம்மா. இதக் கட்டிக்கோங்க. ஸபாஹ் அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்."