பிரிக்காத ஒன்பது பெட்டிகள்

ரோஷன் பீவி வீட்டுச் சாமானையெல்லாம் தெருவில் இறக்கிவைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தூக்கிக் கொடுக்கிறாளாம் என்ற செய்தி, பழவேற்காட்டில் கிளம்பி மூன்று வாய் மாறி, சார்ஜாவில் இருக்கும் அவள் மகள் மலீஹாவின் காதில் வந்து விழுந்தது. சொன்னவன் ஆசிக். அதே ஊர்க்காரன், மலீஹா குடியிருக்கும் கட்டடத்தின் கீழே மளிகைக் கடையில் வேலை பார்க்கிறான். அவனுக்கு அவன் தங்கை சொன்னாளாம். தங்கைக்கு, மீன் விற்க வந்தவள் சொன்னாளாம்.

“பீரோ கூட போயிடுச்சாம்க்கா. வூட்ட வித்துட்டு எங்கயோ போவப் போறாங்கன்னு பேச்சு. எனக்கு இன்னா தெரியும், கேட்டத சொல்றேன்” என்று வெங்காயத்தை நிறுத்துக்கொண்டே சொன்னான்.

உம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. வாப்பா மக்பூல் இறந்த பிறகு தனி ஆள். புத்தி தடுமாறுகிறதா? யாராவது நயமாகப் பேசி ஏமாற்றுகிறார்களா? போன் போட்டால், “நல்லா கீறேன்டி, எனக்கு இன்னா கேடு?” என்று உம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் மலீஹாவை இன்னும் பயமுறுத்தியது. உம்மா போனில் சிரிக்கிற ஆளே இல்லை. வீட்டை வீடியோவில் காட்டு என்றால் சார்ஜ் இல்லை என்று வைத்துவிடுவாள். பத்து நாள் பொறுத்துப் பார்த்த மலீஹா, லீவு சொல்லிவிட்டு விமானம் ஏறினாள். வருகிறேன் என்று உம்மாவிடம் சொல்லவில்லை.

அந்த வீட்டில் என்னென்ன உண்டு என்பது அவளுக்கு அத்துப்படி. பதினோரு வருஷத்தில் ஒன்பது அட்டைப்பெட்டிகளைக் கப்பல் கார்கோவில் அனுப்பியிருந்தாள். பால்பவுடர், டேங் ஜூஸ் தூள், செண்ட், தைலம், புலி படம் போட்ட கம்பளி, டின்னர் செட். ஒவ்வொன்றிலும் மஞ்சள் கயிறு சுற்றி, உம்மா பெயரை மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதுவாள். ரோஷன் பீவி ஒன்றையும் பிரித்ததில்லை. “ஒரு விசேஷம் வரட்டும்” என்பாள். அந்தத் தெருவில் பல வீடுகளில் அப்படித்தான். வெளிநாட்டுப் பெட்டியின் கயிறு அறுபடாமல் இருப்பது ஒரு கௌரவம். சுவரோரம் அடுக்கிப் பழைய புடவையைப் போர்த்தியிருப்பாள். விருந்தாளி வந்தால் புடவையைத் தூக்கிக் காட்டி, மறுபடி மூடிவிடுவாள்.

டாக்ஸியை விட்டு இறங்கிய மலீஹா வாசலிலேயே நின்றாள். வீட்டுக் கதவு பே என்று திறந்து கிடந்தது. உள்ளே ஆளில்லை. “உம்மா!” என்று கூப்பிட்டாள். அவள் குரலே சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

ஒரு கோரைப்பாய். ஒரு ஸ்டவ். இரண்டு தட்டு, ஒரு குடம். சுவர் அலமாரியில் குர்ஆன். அதன் பக்கத்தில், மூன்று வருஷத்துக்கு முன் அவள் கையோடு கொண்டுவந்து கொடுத்த டார்ச். அவ்வளவுதான். பீரோ இருந்த இடத்தில் சுவர் சதுரமாக வெளுத்திருந்தது. கட்டிலும் இல்லை.

“யாரது உள்ள?” என்ற குரலோடு வாசலில் மீன் கூடை இறங்கியது. லைட்ஹவுஸ் குப்பத்து ஜமுனா. இருபது வருஷமாக இந்தத் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். “அட, மலீஹாவா! பாயம்மா அனுப்பம்பட்டுல தங்கச்சி வூட்டுக்குப் போயி நாலு நாள் ஆவுது. இன்னிக்கி பஸ்சுக்கு வந்துடும்.”

“கதவத் தெறந்து போட்டுட்டா?”

“இன்னாத்தத் தூக்கினு போவப் போறான்? அந்தப் பாயையா?” ஜமுனா தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள்.

மலீஹா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தங்கை மகன் கல்யாணத்துக்கே காலையில் போய்ச் சாயங்காலம் ஓடிவந்தவள் உம்மா. பூட்டின வீட்டை நம்ப மாட்டாள். அவளா நாலு நாள் வெளியே தங்கினாள்?

“உம்மாவுக்கு இன்னாக்கா ஆச்சு? உண்மையச் சொல்லு.”

ஜமுனாவின் சிரிப்பு நின்றது. “புயல் கதை உனக்குத் தெரியாதா?”

“போன டிசம்பர் புயலா? உம்மா பள்ளிக்கூடத்து முகாம்ல இருந்துச்சே. போன்ல சொல்லிச்சே.”

“பள்ளிக்கூடத்துலயா? டிராக்டர் வந்து தெருவையே ஏத்தினு போச்சு. உங்கம்மா மட்டும் வரல. ‘எம் மவ சாமான் கீது, வுட்டுட்டு எப்படி வர்றது’ன்னு உள்ள தாப்பா போட்டுக்கிச்சு. மத்தியானம் ஏரித் தண்ணி ஏறிடுச்சு. எங்கண்ணன் கேசவன் படகெடுத்துனு வந்து கதவ ஒடச்சான். பட்டப்பகல்லயே உள்ள கும்மிருட்டு. கட்டில் மேல பொட்டி, பொட்டி மேல பாயம்மா. ஒரு கையில டார்ச்சு. இன்னொரு கை அந்த மஞ்சக் கயித்தச் சுத்திப் புடிச்சிருக்குது. பேச்சே இல்ல. ஒவ்வொரு வெரலா பிரிச்சித்தான் தூக்கினு வந்தானாம்.”

புயலன்று காலையில் தான் பேசியது மலீஹாவுக்கு ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வந்தது. டவர் போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை லைன் கிடைத்தது. எடுத்த எடுப்பில் அவள் கேட்டது: “பெட்டியெல்லாம் மேல ஏத்தி வெச்சியா உம்மா?” நீ எங்கே இருக்கிறாய் என்பது அதற்குப் பிறகுதான். ‘பள்ளிக்கூடத்துல’ என்று உம்மா சொன்னபோது ஏன் பின்னால் ஒரு குரல்கூடக் கேட்கவில்லை என்று அவள் யோசிக்கவில்லை.

“இன்னாடி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்குற?”

வாசலில் ரோஷன் பீவி. தோளில் ஒரு துணிப்பை, அவ்வளவே. கன்னத்தில் சதை போட்டிருந்தது. மலீஹா எழுந்து அவள் கையைப் பிடித்து விரல்களைப் புரட்டிப் பார்த்தாள். ஆள்காட்டி விரலைச் சுற்றி வெள்ளையாக ஒரு தழும்பு.

“பூட்டாம போனத பாத்துக் கோவமா?”

“ஏன் என்கிட்ட பொய் சொன்ன?”

ரோஷன் பீவி ஜமுனாவை முறைத்தாள். ஜமுனா கூடையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

“தண்ணி வடிஞ்சி தூக்குறேன், அடி அட்ட பிச்சிக்கினு எல்லாம் கொட்டிடுச்சு” என்று ரோஷன் பீவி பாயில் உட்கார்ந்தாள். “அப்பத்தான்டி உள்ள இன்னா இருந்துச்சுன்னே பாத்தேன். பால்பவுடர் தேதி முடிஞ்சி ஆறு வருஷம். டேங்கு பாறாங்கல்லு. கம்பளில பூஞ்சக்காளான். அது புயல்ல நனைஞ்சி வந்தது இல்ல, எப்பவோ வந்தது. கெட்டுப் போனதுக்கா உசுர வெச்சினு காவல் காத்தேன்னு நெனச்சேன், எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. டின்னர் செட்டு நல்லா இருந்துச்சு, ஜமுனா எடுத்துக்கிச்சு. அப்பறம் கை நிக்கல. பீரோ, கட்டிலு, ஒவ்வொண்ணா கெளம்பிடுச்சு. இப்ப படுத்தா தூக்கம் வருது. ஒரு எடத்துக்குப் போனா போன எடத்துலயே மனசு இருக்குது.”

“அந்தக் கம்பளிய வெயில்ல போட்டு எடுத்துட்டோம், மலீஹா” என்று ஜமுனா இடையில் நுழைந்தாள். “புலி மேலதான் இப்ப நெத்திலி காயுது.”

மலீஹா சிரிக்கவில்லை. “இதயெல்லாம் என்கிட்ட சொல்லியிருக்கலாமே உம்மா.”

“எப்படிச் சொல்றது? போன் போட்டா நீ மொத கேக்குறதே பொட்டிய பத்தித்தான். அது போயிடுச்சின்னா நீ அழுவியேன்னு இருந்துச்சு.”

அப்போது தரையில் வைத்திருந்த மலீஹாவின் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஆனால் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆசிக் அந்தச் செய்தியைச் சொல்வதற்கு ஒரு மாதம் முன்பே அவள் கப்பலில் போட்டது: இரண்டு பெட்டி, நாற்பது கிலோ, மஞ்சள் கயிறு. இன்று டெலிவரி என்று காலையிலேயே மெசேஜ் வந்திருந்தது. வண்டி பாலம் தாண்டியிருக்கும். கார்கோக்காரர்கள் தெருவுக்கு வழி கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள்.

“எட்றி, யாரோ கூப்புடறாங்க” என்றாள் ரோஷன் பீவி.

ஒரு சாமானும் இல்லாத அந்த அறையில் மணிச்சத்தம் நாலு மடங்காகக் கேட்டது. மலீஹா உம்மாவின் விரலை விடவில்லை. போன் அதிர்ந்து அதிர்ந்து வெறுந்தரையில் மெல்ல நகர்ந்து, பாயின் ஓரத்தில் போய் முட்டி, அங்கேயே அடித்துக்கொண்டிருந்தது.