மூன்றாவது கம்பியும் ஆறாவது கம்பியும்

செம்மண்டலத்துக் கொளஞ்சிக்கு வயது முப்பத்தாறு. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் நெட் கேபிள் இழுப்பதில் பன்னிரண்டு வருஷப் பழக்கம். பட்டம் இல்லையென்று ஒரு கம்பெனியில் கையை விரித்துவிட்டார்கள். அந்த வீம்பில்தான் சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தில் நெட்வொர்க் படிப்பில் சேர்ந்தான்.

முதல் செமஸ்டர் கணக்கில் பூஜ்யமும் ஒன்றும் அவனைப் பாடாய்ப் படுத்தின. ஆங்கில வகுப்பில் வாயே திறப்பதில்லை. லேப் உள்ள நாளில் மட்டும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போவான்.

அன்று கேபிளுக்குப் பிளக் அடிக்கும் பயிற்சி.

"அண்ணா, நீங்க அடிச்சிக் காட்டுங்க. நான் டைம் பாக்கறேன்," என்று போனை எடுத்தாள் பக்கத்து மேசை சுவேதா.

இரண்டு முனையும் மளமளவென்று முடிந்தன. டெஸ்டரில், கம்பிக்கு ஒன்றாக, எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பாடம் நடத்திய இளமதி மேடம் அவனைவிடப் பத்து வயது இளையவர். பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கலர் வரிசை யாரு சொன்னது?"

"நானாப் பழகுனது மேடம். ஜோடி ஜோடியா முறுக்கியிருக்கறத அப்பிடியே வரிசையா வச்சிடுவேன். ரெண்டு பக்கமும் ஒரே மாரி இருந்தா ஓடிடும்."

"குட்டைக் கேபிள்ல ஓடும். மூணாவது கம்பியும் ஆறாவது கம்பியும் ஒரே பின்னல்ல இருக்கணும். இல்லன்னா, நீளம் கூடக்கூட ஒரு கம்பியோட சிக்னல் இன்னொண்ணுல பூந்து தடுமாறும். விளக்கு அதச் சொல்லாது."

சுவேதா ஓசைப்படாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவனுக்குக் காது மடல் எரிந்தது.

ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று உறைத்தது. கம்மாபுரத்தில் சுப்பிரமணியன் மாமாவின் கம்ப்யூட்டர் சென்டர். முன்பக்கக் கடையிலிருந்து சுவரைச் சுற்றிப் பின்கட்டு வகுப்பறைக்கு எண்பது மீட்டர் கேபிள் இழுத்தவன் அவன்தான். அங்கே நெட் திணறும்போதெல்லாம், "கம்பெனிக்காரன் லைன் சரியில்ல மாமா," என்று சொல்லியிருக்கிறான். அதை நம்பி, லைன் பார்க்க வந்த நெட் கம்பெனி ஆள் செந்தமிழ்செல்வனை, பிள்ளைகள் எதிரிலேயே "சம்பளம் வாங்கறியே, வெக்கமா இல்ல?" என்று மாமா கேட்டார். கொளஞ்சி பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கம்மாபுரம் போனான். மாமா சாப்பிடப் போன நேரத்தில் இரண்டு முனையையும் வெட்டி எறிந்து, வரிசையை விரல்விட்டு எண்ணி, புதிதாக அடித்தான். வகுப்பறையில் பிள்ளைகளுக்குப் போட்ட வீடியோ ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியது.

"பாத்தியா மாப்ள! நான் போட்ட சத்தத்துல அந்தப் பய லைன சரிபண்ணிட்டான்," என்றார் திரும்பி வந்த மாமா.

தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறியிருக்கலாம். பையைக்கூடத் தோளில் மாட்டிவிட்டான்.

"அவுரு மேல தப்பில்ல மாமா. மொதல்லருந்தே நான் தப்பா அடிச்சிருக்கேன்."

மாமாவின் சிரிப்பு நின்றது. வெட்டிப்போட்ட முனைகளைப் பார்த்தார்.

"மூணு வருசமாவா?"

"ஆமா."

"அந்த ஆள அத்தன பேரு முன்னாடி கேட்டேனேடா. நீயும்தான நின்ன?"

மாமா அவனைத் திட்டவில்லை; திட்டியிருந்தால் தேவலாம்போல் இருந்தது.

"அவுரு நம்பரக் குடு மாமா," என்றான் கொளஞ்சி. "நானே சொல்றேன்."

மாமா தன் போனிலேயே நம்பரைப் போட்டு நீட்டினார். மறுமுனையில் மணி அடிக்க ஆரம்பித்தது. பிள்ளைகளுக்கும் கேட்கட்டும் என்று மாமா ஸ்பீக்கரைப் போட்டார். அவன் தடுக்கவில்லை.