கண்ணாடிக்குக் கீழே இரண்டு விரல்

கல்யாணமான புதிதில், என்னோடு பேசுவதே என் கணவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். காலையில் நன்றாகத்தான் இருப்பார். காபி கொண்டுபோனால், "நீயும் உக்காந்து குடி" என்பார். சாயங்காலம் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வரும்போது ஆளே வேறு. கண் இரண்டும் சிவந்திருக்கும். கழுத்தைத் திருப்ப மாட்டார். "சாப்பிடுறீகளா?" என்று கேட்டால் சுவரைப் பார்த்தபடி இருப்பார். மறுபடி கேட்டால், "ஆ?" என்பார். மூன்றாம் முறை கேட்க எனக்கு ரோஷம் விடாது. தட்டை வைத்துவிட்டு அடுப்படியில் போய் அழுவேன்.

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனிக்கு ஆர்டர் பிடித்துக் கொடுப்பது அவர் வேலை. எங்களுக்கு வீடு விருதுநகரில். பஸ்ஸை நம்பி ஊர் ஊராக அலைய முடியாது என்று, பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட ஒரு மோட்டார் சைக்கிளை மதுரையில் ஏலத்தில் எடுத்திருந்தார். எருமை மாதிரி கனம். சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் அகல விரித்துப் பிடித்து ஓட்ட வேண்டும். காற்று முழுவதையும் நெஞ்சும் முகமும்தான் வாங்கும். தலையில் ஒரு துண்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, அவ்வளவுதான் அவருக்குப் பாதுகாப்பு.

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். என் அப்பா சிவகாசியில் சின்னதாக ஒரு அச்சாபீஸ் வைத்திருந்தார். அன்று அவருக்கு வேலை நெருக்கடி. "நானே கொண்டாந்து விட்டுடுதேன்" என்று இவர் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்தேன்.

ஊர் எல்லை தாண்டியதும் கரிசல் காடு. மேற்கே மலைவரைக்கும் மறைப்பு எதுவும் கிடையாது. ஆடிக் காற்று நேர் எதிரே வந்தது. சீராக அடித்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது கன்னத்தில் மாறி மாறி அறைகிறமாதிரி அடித்தது. காதுக்குள் தகரத்தைத் தட்டுகிற சத்தம். அவருடைய தலை நிற்காமல் ஆடுவதைப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே போனேன்.

வீட்டு வாசலில் இறங்கினேன். அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். வாய் அசைந்தது தெரிந்தது.

"ஆ?" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் சிவந்த கண்ணோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு. தினமும் இதை வாங்கிக்கொண்டா வீட்டுக்கு வந்தார் இந்த மனுசன்?

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

"காத்து அடிக்குதுன்னு பொண்டாட்டிகிட்ட போயி சொல்லச் சொல்றியா?" என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஆடிப் பதினெட்டு. ஆர்டர் பிடிக்கக் காட்டுகிற புது வருசத்துக் காலண்டர் மாதிரி ஆல்பம் அன்றுதான் வெளியாகும். அதை வாங்கச் சிவகாசிக்கு வந்த இவர், வண்டியின் முன்னால் ஒரு கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார். விருதுநகரில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில், வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, விளக்கின் நெற்றியிலிருந்து தன் மூக்கு உயரத்துக்கு நிறுத்தியிருந்தார். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"நெஞ்சுக்கு நிம்மதியா இருக்கு. தலைதான் முன்னயவிட ஆடுது. இன்னும் ஒசரமா வெக்கணும்போல."

அச்சாபீசில் வளர்ந்தவள் நான். மின்விசிறி போட்டால் வெட்டிய காகிதத் துண்டுகள் எந்தப் பக்கம் போகும், எந்த மூலையில் சுற்றும் என்று பார்த்துப் பார்த்துப் பழக்கம். காற்றைக் காகிதம் காட்டிக் கொடுத்துவிடும். அப்பாவிடம் வெடிக்குச் சுற்றுகிற மெல்லிய கலர்த்தாள் கொஞ்சம் வாங்கி, விரல் அகலத்துக்குக் கிழித்து, மைதாப் பசையால் கண்ணாடியின் மேல் விளிம்பிலும் உள்பக்கத்திலும் அவர் சட்டையிலும் வரிசையாக ஒட்டினேன்.

அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். ஆடியில் புதுமாப்பிள்ளை மாமியார் வீட்டில் தங்கக்கூடாது. பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து சுற்றினால் ஊர் சிரிக்கும்.

"எங்கன கெளம்புறீக ரெண்டு பேரும்?"

"காத்துப் பாக்கப் போறோம்" என்றேன்.

"ஆடி மாசத்துல காத்துப் பாக்கணுமாக்கும்! மாப்பிள்ள, வெளக்கு வெக்கிறதுக்குள்ள வந்துருங்க."

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் போனோம். சாமி சப்பரம் போகிறதென்று நினைத்தோ என்னவோ, மாட்டுவண்டிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மேல் விளிம்புத் தாள்கள் பின்பக்கம் பறந்தன. அது சரி. உள்பக்கத்தில் ஒட்டியவை நிலையில்லாமல் சுழன்றன. அவர் நெஞ்சில் ஒட்டியிருந்தவை பின்னால் பறக்காமல் முன்னால், கண்ணாடியைப் பார்த்துப் பறந்தன. எதிர்க்காற்றில் போகிற வண்டியில் தாள் முன்னால் பறக்கிறது!

முதுகில் தட்டி நிறுத்தச் சொன்னேன். ஒரு புளியமரத்தடியில் நின்றோம்.

"கண்ணாடிக்கு உள்ள காத்தே இல்ல. அந்தக் காலி எடத்துல வந்து விழத்தான் மேல தாண்டிப் போற காத்து திரும்பிக் குதிக்கிது. வார வழியில ஒங்க தலையப் போட்டு உருட்டுது. அடியில கொஞ்சம் வழி விட்டுப் பாருங்களேன்."

"காத்த மறைக்கத்தான கண்ணாடி? அதுலயே காத்துக்கு வழி விடச் சொல்றியே."

"சும்மா விட்டுப் பாருங்க."

ஸ்பேனரை எடுத்தார். கண்ணாடியைத் தாங்கிய இரும்புப் பட்டையைத் தளர்த்தி, விளக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற அளவு கண்ணாடியைத் தூக்கி முறுக்கினார். திரும்பி வரும்போது காற்று முதுகுப்பக்கம், ஒன்றும் தெரியவில்லை. ஆகவே மறுபடி மேற்கே திருப்பினார். நெஞ்சுத் தாள்கள் இப்போது முன்னால் ஓடாமல் சட்டையோடு ஒட்டிப் படபடத்தன. தலை ஆட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் தூக்கியதில் மேல் விளிம்பு சரியாகக் கண்ணுக்கு நேரே வந்து, ரோடு நெளிந்து தெரிந்தது. மறுவாரம் அதைத் தாடை உயரத்துக்கு அறுத்துவிட்டு, கொஞ்சம் பின்பக்கம் சாய்த்து மாட்டிக்கொண்டு வந்தார். மறுபடி காற்றுப் பார்க்கப் போனோம். அதற்கடுத்த வாரமும் போனோம். அந்த மூன்றாவது சவாரி அவசியம்தானா என்று அம்மா கேட்டாள். இன்னும் ஒன்று பார்க்க வேண்டியிருந்தது என்றேன். பொய் இல்லை. அவருக்கும் எனக்கும் நடுவே இருந்த இடைவெளியில் காற்று புகுந்து என் காதில் இரைந்தது. நெருங்கி உட்கார்ந்தால் அதுவும் நின்றது. இதை மட்டும் அம்மாவிடம் விளக்கவில்லை.

ஆவணி பிறந்ததும் அழைத்துப்போக வந்தார். வீட்டுக்குப் போகுமுன் இருக்கன்குடி அம்மனைக் கும்பிட்டுவிடலாம் என்று சாத்தூர்ப் பக்கம் வண்டியை விட்டார். காற்று இன்னும் விடவில்லை, பக்கவாட்டில் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. "பசிக்கிது" என்று சாதாரணக் குரலில் சொன்னேன். "சாத்தூர்ல சேவு வாங்கிக்கிடுவோம்" என்று பதில் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு அவர் பேச ஆரம்பித்தார். எந்த ஊர்க் கடைக்காரர் முருகன் படம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார், எந்த ஊரில் நாய் துரத்தியது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மைசூர்பாகு தொண்டையில் சிக்கிக்கொண்டது, எல்லாம். இவ்வளவு பேச்சை இத்தனை மாதம் எங்கே வைத்திருந்தார் என்று நினைத்தபடி கேட்டுக்கொண்டே வந்தேன்.

அந்த சீசனில் மற்ற ஏஜென்டுகளும் வண்டியைப் பார்க்க வந்தார்கள். அதில் ஒருவரை இவர் வீட்டுக்கே கூட்டிவந்து, அடுப்படியில் இருந்த என்னைக் கூப்பிட்டு விளக்கச் சொன்னார். கூச்சத்தோடு சொல்லி முடித்தேன். வந்தவர் சரிதானா என்பதுபோல இவர் முகத்தைப் பார்த்தார்.

"என்னையப் பாக்காதீக அண்ணாச்சி. அவ கண்டுபிடிச்சது, அவளையே கேளுங்க."

"அது சரி. நான் ஒண்டியாத்தான வண்டியில போறேன்? பின்னால இருந்து தாளு எந்தப் பக்கம் பறக்குதுன்னு யாரு பாத்துச் சொல்லுவா?"

"அதுக்கு மொதல்ல கல்யாணம் பண்ணணும்" என்றார் இவர்.

வந்தவர் சிரித்துக்கொண்டே போனார். அந்தத் தையிலேயே அவருக்கும் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணப் பத்திரிகையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர், போகும்போது கொஞ்சம் தயங்கி நின்று, அந்தக் கலர்த்தாள் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார்.