அப்பாவை உட்கார வைக்கிற மாத்திரை

அப்பாவுக்கு மறதி வந்துச்சு. அதுல எனக்குக் கோவம் இல்ல. வயசானா வருது, வந்துட்டுப் போவட்டும். அந்த மறதிக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு வைத்தியம் கண்டுபிடிச்சாங்களே, அதை நெனச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியுது.

மரக்காணத்து உப்பளத்துல முப்பது வருஷம் பாத்திக்குத் தண்ணி பாய்ச்சினவர் எங்கப்பா. எண்பதுகளோட கடைசியில வேலையை வுட்டுட்டு வீட்டோட இருந்தார். வேலையை வுட்டது அவருக்கு ஞாபகம் இல்ல. விடிஞ்சா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அளத்துக்குப் போயிடுவார். ஒரு நாள், மறுநாள் வாரி எடுக்கறதுக்குன்னு உப்பு வெளஞ்சு நின்ன நாலு பாத்திக்கு, வரப்பைக் கையாலயே ஒடைச்சுத் தண்ணியைத் தொறந்து வுட்டுட்டார். "பாத்தி காய்ஞ்சு கெடக்குது, எவன்டா தண்ணி வுடாம போனது?"ன்னு மத்தவங்களுக்குத் திட்டு வேற. சாயங்காலத்துக்குள்ள பாதி உப்பு கரைஞ்சு போச்சு.

அளத்து மேஸ்திரி எங்க வாசல்ல வந்து கத்தினான். "கட்டிப் போடுங்க, இல்ல மருந்து குடுத்துப் படுக்க வைங்க." கட்டிப் போடுறதுக்கு அவரு என்ன மாடா? நான் கேட்டேன். என் தம்பி கேக்கல. அவனுக்கும் அதே அளத்துலதான் வேலை.

பாண்டிச்சேரியில ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். நல்லாத்தான் பேசினார். "மறதிக்கு மருந்து கிடையாதும்மா. அமைதியா இருக்க மாத்திரை தரலாம். இல்லன்னா கூடவே ஒரு ஆள் இருந்து பாத்துக்கணும்"னார். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள தம்பி, "மாத்திரையே எழுதிடுங்க சார்"ன்னுட்டான். டீயா காப்பியான்னு கேட்ட மாதிரி!

பத்தே நாள். அப்பா போட்ட எடத்துல உக்காந்திருந்தார். கழுத்து ஒரு பக்கம் சாஞ்சு, வாயோரம் எச்சி வழிஞ்சுக்கிட்டு, கை கிடுகிடுன்னு ஆடிக்கிட்டு. ஒரு வாய் சோத்தை முழுங்க அரை மணி நேரம். பாக்க வந்ததுங்க எல்லாம், "அப்பாடா, இப்ப எவ்ளோ அமைதியா இருக்காரு"ன்னுச்சுங்க. தம்பி பொண்டாட்டி அந்த டாக்டருக்குக் கோயில்ல அர்ச்சனை பண்ணாத கொறைதான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மனுஷன் செத்துக்கிட்டிருக்காரு, இதுங்களுக்கு அது அமைதி!

மறுபடி அவரை பஸ்ல ஏத்திக்கிட்டு நானே போனேன். கை ஆடுறதுக்கு இன்னொரு மாத்திரை சேர்க்கலாம்னார் டாக்டர். மாத்திரைக்கு ஒரு மாத்திரையா? "இது எதுவுமே குடுக்கலன்னா உயிருக்கு ஆபத்தா சார்?"னு கேட்டேன். "உயிருக்கு ஒண்ணுமில்ல. பாத்துக்கறவங்களுக்குத்தான் தொந்தரவு"ன்னார். எப்படி நிறுத்தணும்னு கேட்டுக்கிட்டு வந்து, அவர் சொன்னபடியே கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சு நிறுத்தினேன்.

அப்பா எழுந்து நடந்தார். பேசினார். நான் பால்வாடியில வேலை பாத்தேன், அவரையும் அங்கயே கூட்டிட்டுப் போயிடுவேன். அளத்துக்குப் போகணும்னு துடிச்சா, சாயங்காலம் கையைப் புடிச்சுக்கிட்டு வரப்பு மேல நடத்திக் கூட்டியாருவேன். மம்மட்டி எங்கேன்னு கேட்டுக் கேட்டு உசிரை எடுப்பார். என் இடுப்பு ஒடிஞ்சுச்சு. தம்பி ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, "அக்கா, நான் பாத்துக்கறேன்"னு சொல்லல.

நாலு மாசம் ஓடுச்சு. திண்டிவனத்துல ரெண்டு நாள் ட்ரெய்னிங், வரலன்னா வேலை இல்லன்னு கடிதாசி வந்துச்சு. புருஷன் வீட்டை வுட்டு வந்தவ நான், எனக்கு இருந்தது அந்த ஒரு வேலை. தம்பிகிட்ட கெஞ்சினேன். "மாத்திரையை நிறுத்துனது நீதானே, நீயே பாத்துக்க"ன்னு சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அவன் பொண்டாட்டி, "மாத்திரை குடுத்துட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்"னு சொன்னா.

மிச்சமிருந்த மாத்திரையை நான் தூக்கிப் போடல. ஏன் போடலன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டா எடுத்துப் பொடி பண்ணி, கஞ்சியில கலந்து, நானே ஊட்டினேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சுட்டு, "நீ சாப்ட்டியாம்மா?"ன்னு கேட்டார்.

சாப்ட்டேன்னு சொல்லிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.