ஊருக்கு வாங்கிப்போக மக்ரூன்

இன்று தூத்துக்குடி டவுன் பஸ்ஸில் ஒரு அம்மா தகரப்பெட்டியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

எந்த ஊர் என்று கேட்டேன். "சிலோனுங்க. கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டம்" என்றார்.

வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு யோசனை சொல்லாமல் என் வாய் சும்மா இருக்குமா?

"ரிக்‌ஷால ஏறுறதுக்கு முன்னாடியே கூலியப் பேசிருங்க. பீச்சுக்குச் சாயங்காலமாப் போங்க. ஊருக்குத் திரும்பையில மறக்காம மக்ரூன் வாங்கிக்கிடுங்க. ஒரு வாரம் ஆனாலும் கெடாது."

எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் கடைசியில் கேட்டார்:

"யாருக்குக்கா கொண்டுபோக? 'நீங்க இந்தியாக்காரங்க'ன்னு எழுதி சிலோன் சர்க்காருல எங்கள அனுப்பிட்டாங்க. இனித் திரும்ப விடமாட்டாங்க. மூத்த மகளுக்கு மட்டும் அந்த நாட்டுப் பிரஜையா இருக்க அனுமதி. அவ அங்கயே நின்னுட்டா."

"இங்கன யாரு இருக்கா?"

"தாத்தா பொறந்தது ஓட்டப்பிடாரம் பக்கமாம். போய்த்தான் கேக்கணும்."

எங்கே பஸ் மாற வேண்டும் என்று சொன்னேன். நான் பேசியதில் அது ஒன்றுதான் அவருக்கு உதவியது.

வருகிறவர்களிடமெல்லாம் திரும்பிப் போவதைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். இனி இங்கேதான் என்று வந்து இறங்கியவரிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும்?

தெரிந்தவர்கள் எழுதுங்கள். மக்ரூன் மட்டும் வேண்டாம்.