வெறுங்கண்ணாடி மின்னுன அன்னிக்கு

ஆயுத பூஜை லீவு முடிஞ்சு வந்த காலையில, மைக்ரோஸ்கோப்ல கண்ண வச்சவன் நாற்காலியோட பின்னால போயிட்டேன். இருட்டா கெடக்க வேண்டிய செல்லெல்லாம் பச்சையா ஜொலிக்குது!

லேபுக்குப் புதுசா வர்ற பசங்களுக்காக வெவரம் சொல்லிடுறேன். செல்லுக்குள்ள சின்னச் சின்னப் பை இருக்கு. அதுக்குள்ள ஆசிட் ஏத்துற பம்ப்ப செய்ய ஒரு ஜீன் வேணும். நாங்க ஊத்துற புரோப் ஒரு சாயம். நீல லைட் அடிச்சா, ஆசிட் இருக்குற எடத்துல மட்டும் பச்சையா மின்னும். ஜீன ஆஃப் பண்ணா ஆசிட் இல்ல, மின்னக் கூடாது. ஓசூர் பிரேக் பார்ட்ஸ் கம்பெனியில பாதி ஆயுச ஓட்டுன எனக்கே புரிஞ்சிருக்குன்னா, உங்களுக்குப் புரியாதா?

அந்த ஜீன ஆஃப் பண்ணது எங்க சயின்டிஸ்ட் சௌமியா. மத்தியானம் பெங்களூர்லருந்து கிளையன்ட் மேடம் வர்றாங்க. செல் இருட்டா இருந்தா புராஜெக்ட் ஓடும். இல்லன்னா இழுத்து மூடிடுவாங்க, சௌமியா வேலையும் போயிடும்.

அவ வந்து பாத்தா. மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"அண்ணா, ஸ்லைட மாத்தி வச்சிட்டீங்களா?"

"இல்லம்மா, லேபிளப் பாரு."

"அப்ப ஜீன் ஆஃப் ஆகவே இல்லையா?"

மேனேஜர் மஞ்சுநாத் சார் என்ன இதுன்னு கன்னடத்துல கத்திக்கிட்டே ஓடி வந்தாரு. "ஏன்ரீ இது! கோயில் ஜாத்திரை மாதிரி லைட் போட்டு வச்சிருக்கீங்க?"

"செல்லும் பண்டிகை கொண்டாடுது போல சார்"னேன். ஒருத்தரும் சிரிக்கல.

சௌமியா, செல்லே இல்லாத வெறுங்கண்ணாடி ஸ்லைட எடுத்து வச்சா. அதுவும் மின்னுச்சு! அப்ப மின்னுறது செல் இல்ல, வேற என்னமோ.

அவ மெதுவா கையத் திருப்பிப் பாத்தா. கிளவுஸ் நுனியெல்லாம் மஞ்சள். லேத் மெஷினுக்கு வக்கிற மாதிரியே, சார் பூஜையில மைக்ரோஸ்கோப், ஸ்லைடு டப்பா, புரோப் பாட்டில் மூடின்னு ஒண்ணு விடாம மஞ்சப் பொட்டு வச்சிருந்தாரு.

"சார், நீல லைட்டுல மஞ்சளும் பச்சையாத்தான் மின்னும்."

சார் செவுத்தப் புடிச்சுக்கிட்டாரு. "அய்யோ, பக்தியா வச்சேனே!"

எல்லாத்தையும் தொடச்சோம். புது கிளவுஸ், புது ஸ்லைடு, புது பாட்டில். புது செல் எடுத்து மறுபடி புரோப் ஊத்தி முடிக்கிறப்ப, கிளையன்ட் மேடம் வந்து முதுகுக்குப் பின்னால நிக்குறாங்க.

மொதல்ல, சாயம் சரியா இருக்குன்னு காட்ட, ஜீன் வேல செய்யுற செல்ல வச்சேன். பச்சப் புள்ளி அழகா வந்துச்சு. அடுத்து ஆஃப் பண்ண செல். கம்ப்யூட்டர் ஸ்கிரீன் இருட்டு. பிரைட்னஸ்ஸ ஏத்துனேன். அப்பவும் இருட்டு. சௌமியா வாயப் பொத்திக்கிட்டு அழுதுட்டா.

"என்ன தெரியுது?"ன்னாங்க மேடம்.

"ஒண்ணுமே தெரியல மேடம்!"னு துள்ளுனேன். ஒண்ணும் தெரியலன்னு சொல்லி என் சர்வீஸ்ல கைதட்டு வாங்குனது அந்த ஒரு தடவைதான்.

அதுலருந்து தெனமும் மொத ஸ்லைடு வெறுங்கண்ணாடிதான். அது இருட்டா இருந்தாத்தான் மத்தத நம்புவேன். நீங்களும் அப்படியே செய்யுங்க.