மாத்திரை இல்லாமல் போன ஆஸ்பத்திரி நாட்கள்

என் இதயத்துக்குப் பலம் குறைந்துவிட்டதாம். அது ஒழுங்காக அடிக்காததால் காலில் நீர் இறங்குகிறதாம். அந்த நீர் வெளியே போக ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காலையில் அரை மாத்திரை போட்டால் மதியம் வரை கழிவறைப் பக்கத்தை விட்டு நகர முடியாது. வீட்டில் இருக்கும்போது அது ஒரு தொந்தரவே இல்லை. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில்தான் வம்பு.

எங்களுடையது பீங்கான் சுடுகிற ஊர். ஆஸ்பத்திரியின் பெண்கள் கழிவறையிலும் பீங்கான் உண்டு என்று கேள்வி. நான் பார்த்தது கதவையும் பூட்டையும்தான். சாவி நர்சம்மாவின் மேஜை டிராயரில் இருக்கும். ஆண்கள் வரிசையைத் தாண்டிப் போய் அதைக் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. அதனால் முந்தின நாளே மாத்திரையை நிறுத்திவிடுவேன்.

பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் கம்மாபுரத்து அம்மாவிடம் மெல்லக் கேட்டேன்.

"நீங்க மாத்திரை போட்டுக்கிட்டா வந்தீங்க?"

"பஸ்ஸுல வரவ எவ போடுவா? வூட்டுக்குப் போயித்தான்."

அடுத்திருந்த பெண்களும் தலையாட்டினார்கள். ஆக, டாக்டர் பார்ப்பதெல்லாம் மாத்திரை போகாத உடம்புகளைத்தான்.

காலை அழுத்துவார், பள்ளம் விழும்.

"மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"

"சாப்பிடுறேன் சார்."

பொய்யில்லை. இன்றைக்குச் சாப்பிட்டாயா என்று அவர் கேட்டதில்லை. கேட்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிடும். அரையை ஒன்றாக்கினார். அடுத்த முறை ஒன்றை இரண்டாக்கினார். கூட நின்ற பயிற்சி டாக்டர்களுக்கு என் காலைக் காட்டி, சிலருடைய உடம்பு மருந்துக்கு மசியாது என்று பாடமும் நடத்தினார். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் கால் இவ்வளவு பெரிய படிப்புக்குப் பயன்பட்டதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

வீட்டில் அந்த இரண்டு மாத்திரையும் நன்றாகவே வேலை செய்தன. நாக்கு வறண்டது, கெண்டைக்கால் இழுத்தது. ஒரு நாள் குழாயடியில் குடத்தைத் தூக்கப் போனவள் கண் இருட்டி விழுந்தேன். மருமகள் ஓடிவந்து தூக்கினாள்.

"டாக்டருகிட்ட சொல்லுங்க அத்தை."

"என்னன்னுடி சொல்றது? ஒண்ணுக்குப் போவ எடமில்லன்னு மாத்திரையை நிறுத்திட்டு வரேன்னா?"

"இதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு சாவப் போறீங்களா? இன்னும் ஒண்ணு ஏத்துனாருன்னா எழுந்திரிக்கவே மாட்டீங்க."

அந்த மாதம் மாத்திரையைப் போட்டுக்கொண்டே கிளம்பினேன். பஸ்ஸிலேயே அடிவயிறு முட்டிக்கொண்டது. இறங்கியதும் நேராக நர்சம்மாவிடம் போனேன்.

"கக்கூஸு சாவி வேணுங்க."

"அது ஸ்டாஃபுக்கு மட்டும்தாம்மா. பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க."

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"அதுவரைக்கும் தாங்காதுங்க. நீங்க குடுத்த மாத்திரைதான். இங்கியே போயிடட்டுமா?"

கம்மாபுரத்து அம்மா பெஞ்சிலிருந்து சத்தமாகச் சிரித்தாள். சாவி வந்தது.

அன்று காலில் பள்ளம் விழவில்லை. டாக்டருக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களா, டோஸ் ஏத்துனதும் கேக்குது. இதையே சாப்பிடுங்க."

நான் எழுந்துகொள்ளவில்லை.

"இல்ல சார். இன்னைக்குத்தான் போட்டுக்கிட்டு வந்தேன். மத்த தடவையெல்லாம் நிறுத்திட்டு வந்தேன். இந்த ரெண்டு மாத்திரையில வூட்டுல மயங்கி விழுந்துட்டேன்."

"ஏன் நிறுத்துனீங்க?"

கழிவறைப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் பிரஷர் பார்த்தார், இறங்கிக் கிடந்தது. ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, இரண்டை அடித்து மறுபடியும் அரை என்று எழுதினார். பயிற்சி டாக்டர்களைக் கூப்பிட்டு இந்தப் பாடத்தை மட்டும் நடத்தவில்லை.

இப்போது அந்த அரையில்தான் இருக்கிறேன். கால் வீங்கவில்லை, கண் இருட்டவில்லை. ஆஸ்பத்திரி நாளிலும் போட்டுக்கொண்டுதான் போகிறேன். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே நர்சம்மா மேஜை டிராயரைத் திறக்கிறாள்.